ரோட்ஸ் தீவு சம்பிகா மாதா கோயில்: 67 வயது அம்மாவால் படி ஏற முடியுமா?

பாடாங்செராய்_மகள்:

எல்லாருக்கும் வணக்கம். கிரீஸ் நாட்டு ரோட்ஸ் தீவுக்குப் போய் வந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் தயவுசெய்து வழி சொல்லுங்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், முழு விவரமும் தெரிந்தால்தான் உங்களுக்கும் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

என் தங்கை இங்கிலாந்தில் நர்ஸ் வேலை செய்கிறாள். கல்யாணமாகி 11 வருடம் குழந்தை இல்லை. அம்மா ஏறி இறங்காத கோயில் கிடையாது. இங்கே மலேசியாவில் ஒவ்வொரு ஜூலையும் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவில் மெழுகுவர்த்தி ஏந்திப் பவனியில் நடப்பார். தமிழ்நாட்டுக்குப் போனபோது வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டிவிட்டு வந்தார். தங்கை வேலை செய்யும் வார்டில் ரோட்ஸ் தீவிலிருந்து வந்த பெண் ஒருவர் இருக்கிறார். விடுமுறைக்கு ஊருக்குப் போனவர், அங்கே மலை உச்சியில் இருக்கும் சம்பிகா மாதா கோயிலில் தங்கைக்காக மெழுகுவர்த்தி ஏற்றி, அங்கே எரியும் விளக்கின் எண்ணெயை ஒரு சின்னக் குப்பியில் கொண்டுவந்து கையில் கொடுத்தாராம். போன வருடம் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமும் நடந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை, அந்த டாக்டர்களையும் தினமும் ஜெபத்தில் நினைக்கிறோம். ஆனால் அம்மா ஒரே பிடியாக இருக்கிறார். "முகம் தெரியாத பிள்ளை நமக்காக மலை ஏறியிருக்குது, நான் போய் நன்றி சொல்லாம இருந்தா நல்லா இருக்குமா" என்கிறார்.

செப்டம்பரில் தங்கை வீட்டுக்குப் போய், அங்கிருந்து குழந்தையோடு எல்லாருமாக ரோட்ஸ் போகலாம் என்று யோசனை. அம்மாவுக்கு 67 வயது. ரப்பர் தோட்டத்தில் 28 வருடம் பால் எடுக்க மரம் வெட்டியவர். வலது முழங்கால் தேய்மானம், மழை நாளில் ரொம்பவே சிரமப்படுவார். கேட்க நினைப்பது இதுதான். படி எத்தனை, எப்படிப்பட்டது? காடி (கார்) எதுவரை போகும்? நாங்கள் கத்தோலிக்கர், அது ஆர்த்தடாக்ஸ் கோயில், உள்ளே விடுவார்களா? தங்கை வீட்டுக்காரர் இந்து, அவரும் வரலாமா? அம்மா ஒரு சின்ன வெள்ளித் தொட்டில் காணிக்கையாகக் கொண்டுபோக ஆசைப்படுகிறார், வாங்கிக்கொள்வார்களா? அப்புறம், செப்டம்பர் 8 தான் அங்கேயும் திருவிழாவாம், வேளாங்கண்ணி திருவிழாவும் அன்றுதானே. அதைக் கேட்டதிலிருந்து அம்மா அந்த நாளே போக வேண்டும், அதுவும் வெறுங்காலோடு ஏற வேண்டும் என்கிறார்.


கப்பல்_அண்ணன்:

தங்கச்சி, வாழ்த்துகள். குழந்தை நல்லா இருக்கணும்.

நான் தெலுக் இந்தான் பக்கம், பயணிகள் கப்பலில் வேலை. ரோட்ஸ் துறைமுகத்தில் பல தடவை நின்றிருக்கிறோம், ஒரு ஜூன் மாத ஓய்வு நாளில் நான் தனியாக அந்த மலைக்குப் போனேன். அதனால் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், சம்பிகா என்று அங்கே இரண்டு கோயில் இருக்கின்றன. ஒன்று கீழே, ரோட்ஸ் நகரத்திலிருந்து லிண்டோஸ் போகும் பெரிய சாலையை ஒட்டி. அது மடத்தோடு சேர்ந்த பெரிய கோயில். இன்னொன்று மலை உச்சியில், வெள்ளையடித்த சின்னக் கட்டடம், உள்ளே பத்திருபது பேர் நின்றாலே நிறைந்துவிடும். கீழ்க்கோயிலுக்குப் படியே ஏற வேண்டாம், வண்டியிலிருந்து இறங்கி நேராக நடந்து போய்விடலாம். மாதாவின் பழைய படம், புதுமை செய்வதாக அவர்கள் நம்பும் அசல் படம், கீழ்க்கோயிலில்தான் வைத்திருக்கிறார்கள். இதை அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முழங்கால் அன்றைக்கு ஒத்துழைக்காவிட்டாலும் போன காரியம் வீணாகாது.

மேல்கோயிலுக்குப் பெரிய சாலையிலிருந்து ஒரு கிளைப் பாதை பிரிகிறது. நல்ல செங்குத்து. காடி ஏறும், ஆனால் மலைப்பாதை ஓட்டிப் பழகியவர் ஓட்டினால் நல்லது. பாதிக்கு மேல் வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையும் உண்டு. அதற்கு மேல் படிதான். ஏறத்தாழ 300 படி. நம்ம பத்துமலை 272, அதைவிடக் கொஞ்சம் கூட என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பத்துமலை மாதிரி நேராக நிமிர்ந்து நிற்கும் படி இல்லை, மலையை வளைத்து வளைத்துப் போகும், திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கலாம். படியின் உயரம்தான் ஒன்றுபோல இருக்காது, நாலு படி தாழ்வாக வரும், ஐந்தாவது உயரமாக இருக்கும், கால் ஒரு கணக்குக்குப் பழகுவதற்குள் கணக்கு மாறிவிடும். நான் தடுமாறியது அங்கேதான்.

மேலே போய்ச் சேர்ந்ததும் காற்று முகத்தில் அடிக்கும் பாருங்கள். மலை உயரம் 300 மீட்டர் அளவில்தான், ஆனால் கடலை ஒட்டி எழுந்து நிற்பதால் இன்னும் உயரமாகத் தெரியும். ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் சம்பிகா கடற்கரை, பொன்னிற மணல், கரையோரம் பச்சையாகத் தொடங்கும் தண்ணீர் உள்ளே போகப் போகக் கருநீலமாகிறது. மறுபக்கம் கொலிம்பியா ஊரும் அதன் வயல்களும். பின்னால் ஒரு மெழுகுவர்த்தி வாசம். ஒரு கிரேக்கப் பாட்டி என் பக்கத்தில் நின்று, பாஷை தெரியாமலே என் கையில் ஒரு மெழுகுவர்த்தியை வைத்து மணல் தட்டைக் காட்டினார். யாருக்காக ஏற்றினேன் என்று அவர் கேட்கவும் இல்லை.

போகும் வழி: ரோட்ஸ் நகரத்தில் மந்த்ராக்கி துறைமுகம் பக்கம் புதிய சந்தைக் கட்டடம் இருக்கிறது, அதன் அருகிலிருந்து கிழக்குக் கரைப் பேருந்துகள் புறப்படும், லிண்டோஸ், அர்க்காங்கெலோஸ் பக்கம் போகும் பேருந்து அந்தச் சாலை வழியாகத்தான் போகும். ஆனால் கைக்குழந்தையும் அம்மாவும் இருப்பதால் பேருந்தில் வந்து இறங்கி அந்த ஏற்றத்தில் நடக்கவே வேண்டாம். கொலிம்பியாவில் தங்குங்கள், மலை கண்ணெதிரே தெரியும், அங்கிருந்து டாக்சி எடுத்தால் சில நிமிடம்தான். இறக்கிவிடும்போதே திரும்ப வரும் நேரத்தையும் கட்டணத்தையும் பேசிவிடுங்கள். நான் பேசாமல் விட்டு, திரும்பும்போது அந்த ஓட்டுநர் சொன்ன தொகையைத்தான் கொடுக்க வேண்டியதாயிற்று. கொலிம்பியாவில் இத்தாலியர் ஆண்ட காலத்தில் நட்ட யூகலிப்டஸ் மரங்கள் சாலையின் இருபுறமும் நேராக வரிசை பிடித்து நிற்கும். எனக்கு நம்ம ரப்பர் நிரைதான் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கும் பிடிக்கும்.


ஈப்போ_டீச்சர்:

மகளே, படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. நானும் கணவரும் பணி ஓய்வு பெற்ற பிறகு கிரீஸ் போனோம், ரோட்ஸில் ஐந்து நாள் இருந்தோம். உன் மற்றக் கேள்விகளுக்கு நான் சொல்கிறேன்.

கத்தோலிக்கர் தாராளமாகப் போகலாம். மருமகனும் போகலாம், யாரும் வாசலில் நிறுத்தி என்ன மதம் என்று கேட்பதில்லை. ஒன்று மட்டும், பூசை நடந்தால் நற்கருணை வாங்க வரிசையில் நிற்கக் கூடாது, அது ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கு மட்டும். அம்மாவுக்குப் பழக்கத்தில் எழுந்து போகத் தோன்றும், முன்கூட்டியே சொல்லி வை. அப்புறம் உள்ளே சுரூபம் எதுவும் இருக்காது. அவர்கள் வழியில் படங்கள் மட்டும்தான். வேளாங்கண்ணி மாதா மாதிரி ஒரு சொரூபத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். சிலுவை அடையாளமும் நாம் இடமிருந்து வலம் போடுவோம், அவர்கள் வலத்தோளைத் தொட்டுவிட்டு இடத்தோளுக்கு வருவார்கள். நம் வழக்கப்படியே போட்டால் போதும், ஒருவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உடை தோளையும் முழங்காலையும் மறைக்க வேண்டும். அம்மா சேலை கட்டுபவர் என்றால் அதிலேயே வரட்டும், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டால் படிக்கு வசதி. தங்கை வீட்டுக்காரர் அரைக்கால் சட்டை போட வேண்டாம்.

வெள்ளித் தொட்டில் பற்றிக் கேட்டாயே, அதை அவர்கள் நம்மைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்! நாம் கண்மலர், உருவம் என்று சாத்துவதுபோல அவர்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு, தாமா என்பார்கள். மெல்லிய உலோகத் தகட்டில் கண், கை, கால், குழந்தை என்று அச்சுக் குத்தி மாதா படத்தருகே தொங்கவிடுவார்கள். சம்பிகாவில் அதிகமும் குழந்தைதான். மெழுகில் செய்த குழந்தை உருவங்களும் பார்த்தேன். நாமாகவே எங்கேயாவது மாட்டாமல் அங்கே பொறுப்பில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டால் போதும். நகைக்கடை ரசீதையும் கையோடு வைத்துக்கொள், விமான நிலையத்தில் கேட்டால் காட்டலாம்.

கோயில் வரலாற்றையும் சொல்கிறேன், அம்மாவுக்குப் படித்துக் காட்டு. ஒரு இடையன் இராத்திரியில் அந்த மலை உச்சியில் ஒரு வெளிச்சத்தைக் கண்டானாம். ஊராரைக் கூட்டிக்கொண்டு ஏறிப் பார்த்தபோது ஒரு சைப்ரஸ் மரத்தில் மாதா படமும் அதன் முன் எரியும் விளக்கும் இருந்ததாம். அந்தப் படம் சைப்ரஸ் தீவு மடம் ஒன்றைச் சேர்ந்தது என்று தெரிந்து திருப்பி அனுப்பினார்களாம், மூன்று தடவை அனுப்பியும் மூன்று தடவையும் இந்த மலைக்கே வந்துவிட்டதாம். அந்த ஊர்ப் பேச்சில் சம்பா என்றால் தீப்பொறி, அதிலிருந்துதான் சம்பிகா. துருக்கியர் ஆண்ட காலத்துக் கதை ஒன்றும் சொல்கிறார்கள் (1522 முதல் 1912 வரை அந்தத் தீவு அவர்கள் கையில் இருந்தது). பிள்ளையில்லாத ஒரு பாஷாவின் (துருக்கியப் பெரிய அதிகாரியின்) மனைவி மாதாவிடம் வேண்டிக்கொண்டு விளக்குத் திரியை விழுங்கினாளாம், பிறந்த குழந்தையின் கையில் அந்தத் திரி இருந்ததாம். உன் தங்கைக்கு வந்த எண்ணெய்க் குப்பியைப் பற்றிப் படித்ததும் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது.

இப்படிப் பிறக்கும் ஆண் பிள்ளைக்குச் சம்பிகோஸ், பெண் பிள்ளைக்குச் சம்பிகா என்று பெயர் வைப்பது வழக்கம். கிரீஸில் எங்கே போனாலும் அந்தப் பெயரைச் சொன்னதும் ரோட்ஸ் தீவா என்று கேட்பார்களாம்.

பவுலடியார் ரோட்ஸ் வழியாகக் கப்பலில் போனதும் அப்போஸ்தலர் பணியில் 21ஆம் அதிகாரத்தில் முதல் வசனத்திலேயே வருகிறது. லிண்டோஸில் அவர் பெயரில் ஒரு குட்டிக் குடாவும் வெள்ளைக் கோயிலும் இருக்கின்றன. நேரம் கிடைத்தால் அம்மாவைக் கூட்டிப் போ.


செம்பனை_தாஸ்:

மனசில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புக்கிட் மெர்தாஜாம் உங்கள் வீட்டிலிருந்து காடியில் அரை மணி நேரம். அன்னம்மாள் யார், மாதாவைப் பெற்ற தாய். அங்கே போய் நன்றி சொன்னால் மாதா கேட்க மாட்டாரா? முழங்கால் முடியாத 67 வயது அம்மாவை இவ்வளவு தூரம் விமானத்தில் உட்கார வைத்து, அவ்வளவு பணமும் செலவு பண்ணி... அந்தப் பணத்தைக் குழந்தை பேரில் போட்டு வைக்கலாமே. என் அப்பாவை இப்படித்தான் ஒரு நீண்ட பயணம் கூட்டிப் போனோம், கால் வீங்கி இரண்டு நாள் ஓட்டல் அறையிலேயே படுத்துவிட்டார். அந்தப் பயம்தான், வேறொன்றுமில்லை.


பாடாங்செராய்_மகள்:

தாஸ் அண்ணன், தப்பாகவே எடுக்கவில்லை. நானும் அம்மாவிடம் இதையேதான் முதலில் சொன்னேன். அன்னம்மாள் கோயிலுக்கு இந்த வருடமும் போனோம், நன்றியும் சொன்னோம். ஆனால் அம்மா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன் (பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுப்பது, லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடு). "காலையில நாலரை மணிக்குப் பெரட்டுக்குப் போகையில பக்கத்து லயத்துக்காரி என் பிள்ளைய பார்த்துக்குவா. சாயந்திரம் வந்ததும் நான் அவ வீட்டு வாசலுக்குப் போய்த்தான் நன்றி சொல்வேன். என் வீட்டில இருந்து கத்திச் சொல்லமாட்டேன்." இதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. பணம் அம்மாவுடைய சேமநிதிப் பணம், குழந்தை பெயரில் போட வேண்டியதை ஞானஸ்நானத்தன்றே தனியாகப் போட்டுவிட்டார்.

உங்கள் அப்பா விஷயம் படித்ததும் கவலையாகத்தான் இருக்கிறது. கால் வீங்காமல் இருக்க என்ன செய்யலாம், யாராவது சொல்லுங்கள்.


கூலிம்_பிசியோ:

நான் பிசியோதெரபிஸ்ட், கூலிமில் இருக்கிறேன், உங்கள் பக்கத்து ஊர்தான். நேரில் பார்க்காமல் முழங்காலைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் புறப்படும் முன் அம்மாவை அவருடைய டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். பொதுவாகச் சொல்லக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

எல்லாரும் ஏறுவதைப் பற்றியே கவலைப்படுவார்கள். தேய்மானம் உள்ள முழங்காலுக்கு இறங்குவதுதான் பெரிய சோதனை. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். அம்மாவுக்கு வலது முழங்கால் என்பதால் ஏறும்போது இடது காலை மேல் படியில் வைத்து உடம்பைத் தூக்க வேண்டும், வலது காலை அதே படிக்குக் கொண்டுவர வேண்டும். இறங்கும்போது வலது கால் கீழே போகும், இடது கால் பின்னால் வரும். ஒரு படிக்கு இரண்டு காலும் சேர்ந்த பிறகே அடுத்த படி. வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில், அதாவது இடது கையில் ஊன்றுகோல். பக்கத்தில் ஒருவர் துணைக்கு நடக்கட்டும், இறங்கும்போது அவர் அம்மாவுக்கு ஒரு படி கீழே இருக்க வேண்டும்.

இன்னும் மாதங்கள் இருக்கின்றன, இப்போதே பழக்குங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது, காலையும் மாலையும் பத்துப் பத்துத் தடவை. வாரத்தில் மூன்று நாள் பத்து இருபது படி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வலி மறுநாளும் தங்கினால் அளவைக் குறைத்துவிடுங்கள்.

விமானத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். அழுத்தக் காலுறை தேவையா என்பதை டாக்டரிடமே கேளுங்கள். இங்கிலாந்தில் சில நாள் தங்கி ஓய்வெடுத்துவிட்டு ரோட்ஸ் போவது நல்ல திட்டம், அங்கிருந்து நேரடி விமானம் என்றால் நாலு மணி நேரம் சொச்சம்தான்.

வெறுங்கால் விஷயத்தில் மட்டும் அம்மாவிடம் என் சார்பாக மன்றாடுங்கள். வயதானவர்களுக்குக் காலில் சூடு தெரியாமலே கொப்புளம் வந்துவிடும், சர்க்கரை இருந்தால் இன்னும் மோசம். செப்டம்பர் ஆரம்பத்தில் அங்கே பகலில் வெயில் நன்றாகவே இருக்கும்.


கப்பல்_அண்ணன்:

பிசியோ சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருவிழா இராத்திரி, அதாவது 7ஆம் தேதி மாலையிலிருந்து, வெறுங்காலோடு ஏறும் பெண்கள், சிலர் முழங்காலிலேயே படி ஏறுபவர்கள் என்று நல்ல கூட்டமாக இருக்கும் என்று எங்கள் கப்பலில் வேலை செய்யும் ரோட்ஸ் ஆட்கள் சொல்வார்கள். குறுகலான படி, இருட்டு, முன்னாலும் பின்னாலும் ஆட்கள். ஊன்றுகோலோடு ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து ஏறுகிறவருக்கு அது சரிப்படாது. 7ஆம் தேதி மாலை கீழ்க்கோயிலில் இருங்கள். மேலே ஏறுவதை 9 அல்லது 10ஆம் தேதி காலையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் சூரியன் ஆறே முக்காலுக்குள் வந்துவிடும், எட்டு மணிக்குள் ஏற ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம். தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோக முடியாது, மார்போடு கட்டிக்கொள்ளும் பை வேண்டும்.

கடப்பிதழ் விஷயம்: மலேசியர்களுக்கு கிரீஸ் போக விசா தேவையில்லை, 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம், விரல் ரேகையும் முகப்படமும் எடுப்பார்கள். இங்கிலாந்துக்குத்தான் முன்கூட்டியே இணையத்தில் ஈடிஏ (ETA) என்ற மின்னணுப் பயண அனுமதி எடுக்க வேண்டும், அதை மறந்துவிட்டு விமான நிலையத்தில் தவிக்காதீர்கள்.


செம்பனை_தாஸ்:

அம்மா சொன்னதைப் படித்தேன். என் அம்மாவும் பெரட்டுக்குப் போனவர்தான், பக்கத்து வீட்டு ஆயாதான் எங்கள் நாலு பேரையும் வளர்த்தது. போய் வாருங்கள் தங்கச்சி. என்னிடம் மடக்கு ஊன்றுகோல் ஒன்று இருக்கிறது, அப்பாவுக்கு வாங்கியது, நல்ல கனமில்லாதது. சுங்கை பட்டாணியில் இருக்கிறேன், வேண்டுமென்றால் கொண்டுவந்து தருகிறேன்.


பாடாங்செராய்_மகள்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாப் பதிலையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். டீச்சர், விளக்குத் திரிக் கதையை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொன்னார். சம்பிகா என்ற பெயர் அவர் காதில் அம்பிகா என்றுதான் விழுகிறது. தங்கை வீட்டுக்காரரும் போனில் அப்படியேதான் சொன்னாராம், "அம்பிகாதானே, நானும் வரேன் அத்தை" என்று.

அசல் படம் கீழ்க்கோயிலில் இருக்கிறது என்றதும் அம்மா முகத்தில் ஒரு தெளிவு வந்தது. 7ஆம் தேதி மாலை அங்கேதான் இருப்போம். 9ஆம் தேதி காலையில் முடிந்தவரை ஏறுவது, முடியாத இடத்தில் அம்மா உட்கார்ந்துகொள்வார், தங்கை குழந்தையோடு மேலே போய்த் தொட்டிலைக் கொடுத்துவிட்டு வருவாள். வெறுங்கால் பற்றி இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. இப்போதைக்குக் கடைசிப் பத்துப் படி மட்டும் என்று இறங்கி வந்திருக்கிறார்.

பிசியோ, இன்று விடியற்காலை ஐந்து மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால் அம்மா சமையலறை வாசல் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார், இடது கால் மேலே, வலது கால் கீழே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. நாலு படிதான் அது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து புக்கிட் மெர்தாஜாமில் பழைய கோயில் பக்கத்து மேட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறார்.

தாஸ் அண்ணன், ஊன்றுகோல் வேண்டும். சனிக்கிழமை நாங்களே சுங்கை பட்டாணிக்கு வருகிறோம். அம்மா முறுக்கு சுட்டு எடுத்து வருவாராம்.